கத்துகிற கேட்டும் கண்டக்டர் கன்னியப்பனும்

போன மாதம் பள்ளி நூலகங்களைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியர்களுக்கு ஒரு நாள் பயிற்சி நடந்தது. நூலகத்தில் புதிய தொழில்நுட்பம் என்பது தலைப்பு. நான் ஓய்வுபெற்ற பிறகு என் நாற்காலிக்கு வந்திருக்கும் சங்கீதா என்னையும் பேசக் கூப்பிட்டிருந்தாள். "மேடம், மெஷினெல்லாம் மொதமொதல்ல வந்தப்போ நீங்கதான் இருந்தீங்க. அந்த அனுபவத்தைச் சொல்லுங்க. பத்து நிமிஷம் போதும்" என்றாள்.

கேட் கத்திய கதையைச் சொல்லப்போகிறேன் என்று ஆரம்பத்திலேயே ஆசை காட்டிவிட்டேன். ஆனால் கம்ப்யூட்டருக்குச் சந்தனம் வைத்த இடத்துக்கு வரும்போதே பத்து நிமிடம் முடிந்துபோனது. சாப்பாட்டு வண்டியும் வந்துவிட்டது. சாம்பார் சாதத்தோடு போட்டி போட்டு ஜெயித்தவர்கள் யாரும் கிடையாது. மைக்கை வைத்துவிட்டு இறங்கினேன். கை கழுவும் இடத்தில் ஒரு டீச்சர், "அப்புறம் அந்த கேட்டு யாரைப் பாத்து மேடம் கத்துச்சு?" என்று கேட்டார். இலையைப் போட்டுவிட்டுச் சொல்லக்கூடிய கதை இல்லை அது. ஆகையால் எழுதுகிறேன்.

நான் படித்ததும் பயிற்சி எடுத்ததும் சுருக்கமான கதை. கீழ்பென்னாத்தூரில் மணிலாக்கொட்டை, அதாவது வேர்க்கடலை, விளைவித்த குடும்பம் எங்களுடையது. நூலக அறிவியல் சான்றிதழ் படிப்பில் சேரப்போகிறேன் என்றதும் என் அப்பா, "புஸ்தகத்த எடுத்துக் குடுக்கறதுக்குக் கூடவா ஒரு படிப்பு?" என்று கேட்டார். எடுத்துக் கொடுப்பதற்கு இல்லை, திரும்ப வாங்குவதற்குத்தான் படிப்பு என்று எனக்கும் அப்போது தெரியாது. முதலில் ஒரு கிராம நூலகம். அங்கே மழை பெய்தால் விவசாயப் புத்தகங்கள் இருந்த அலமாரி மேல் மட்டும் ஒழுகும். பிறகு திருவண்ணாமலை டவுனுக்குள் ஒரு கிளை நூலகம். கடைசிவரை அங்கேயேதான் இருந்தேன்.

எங்கள் மேலதிகாரி சந்தானம் சார். அவரைப் பற்றிச் சொல்லாமல் எதையும் சொல்ல முடியாது. எந்த நூலகத்துக்கு வந்தாலும் உட்கார மாட்டார். நேராக ஏதாவது ஒரு அலமாரிக்குப் போய் மேல்தட்டில் ஒரு விரலால் கோடு இழுப்பார். விரலில் தூசி ஒட்டியிருந்தால் அதை நம் முகத்துக்கு நேரே நீட்டுவார். நாம் விரலைப் பார்க்க வேண்டும், அவர் நம்மைப் பார்ப்பார். பிறகு விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு, "எழுத்துல ஒரு விளக்கம் குடுங்க" என்பார். தூசிக்கு எழுத்தில் விளக்கம் கொடுத்தவர்கள் தமிழ்நாட்டில் நாங்கள்தான்.

அவரிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. மனிதர்களுக்கு எந்த அளவு மரியாதை கொடுப்பாரோ அதைவிட ஒரு படி அதிகமாக இயந்திரங்களுக்குக் கொடுப்பார். நூலகத்துக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தபோது அதன் எதிரில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "இவங்களுக்கு வெயில் ஆவாதும்மா" என்றார். யாருக்கு என்று திரும்பிப் பார்த்தேன். கம்ப்யூட்டருக்கு. அன்றிலிருந்து அறையில் இருந்த ஒரே மின்விசிறி அதன் பக்கம் திருப்பி வைக்கப்பட்டது. அக்னி நட்சத்திரத்தில் நாங்கள் வேர்த்து ஊற்றிக்கொண்டிருப்போம். கம்ப்யூட்டர் ஜில்லென்று இருக்கும். ஆயுத பூஜைக்கு உதவியாளர் தேவகி அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்தாள். சந்தனம் கொஞ்சம் தாராளமாகப் போய்விட்டது. பொத்தானைத் தொட்டதும் உள்ளிருந்து சி.டி. போடும் தட்டு நீண்டு வந்தது. நைவேத்தியம் கேட்கிறது என்று நினைத்து அதில் இரண்டு உடைத்த கடலையும் வைத்தாள். ஒரு மாதத்துக்கு அந்தத் தட்டு உள்ளே போகவில்லை. நான் எழுத்தில் விளக்கம் கொடுத்தேன்.

அடுத்து வந்தது படிக்கும் கருவி. ஒரு பலகை மாதிரி இருக்கும். அதில் இருக்கும் தமிழ்க் கதையை அதுவே ஒரு பெண் குரலில் உரக்கப் படிக்கும். அதை ஊர்ப்புறத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் கொடுத்து ஒரு மாதம் பார்க்கச் சொன்னார்கள். நானே பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோய், தலைமையாசிரியை சுலோச்சனா டீச்சரிடம் கொடுத்து, எப்படிப் போடுவது, எப்படி நிறுத்துவது எல்லாம் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இரண்டாவது வாரம் டீச்சரிடமிருந்து போன் வந்தது. "மேடம், உங்க மெஷினை வந்து எடுத்துனு போயிடுங்க."

"ஏன் டீச்சர், ரிப்பேரா?"

"மெஷின் நல்லாத்தான் இருக்குது. எம் புள்ளைங்கதான் ரிப்பேராயிட்டாங்க."

மறுநாளே போனேன். வகுப்புக்குள் காலை வைத்ததும் கோமதி என்கிற பெண் எழுந்து நின்றாள். "வணக்கம் காற்புள்ளி மேடம் ஆச்சரியக்குறி" என்றாள். பின் பெஞ்சில் ஒரு பையன், "டீச்சர் காற்புள்ளி இவன் என்னெக் கிள்றான் முற்றுப்புள்ளி" என்று புகார் சொன்னான். கிள்ளியவன் எழுந்து, "நான் கிள்ளல முற்றுப்புள்ளி அவன் ஏன் பொய் சொல்றான் கேள்விக்குறி" என்று தன் தரப்பைச் சொன்னான்.

விஷயம் இதுதான். கருவியில் ஏதோ ஒரு அமைப்பை யாரோ தெரியாமல் தட்டிவிட்டிருக்கிறார்கள். அது கதையோடு சேர்த்து நிறுத்தக்குறிகளையும் பெயர் சொல்லிப் படிக்க ஆரம்பித்துவிட்டது. இதுதான் நாகரிகமான தமிழ் போலிருக்கிறது என்று பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். ஒரு பிள்ளையின் அம்மா, எங்கள் வீட்டில் பிள்ளை சோறு கேட்கும்போது கூட மேற்கோள் குறி போடுகிறாள் என்று பள்ளிக்கே வந்துவிட்டாராம்.

கருவியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய் சந்தானம் சாரிடம் நடந்ததைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவங்க எழுதியிருக்கறத அப்படியே படிச்சிருக்காங்க. அவங்க மேல தப்பில்லைங்களே" என்றார். அவங்க என்றால் கருவி.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த வருடம் முழுப் பரீட்சையில் நிறுத்தக்குறி இடுக என்ற கேள்விக்கு அந்த வகுப்பில் ஒரு பிள்ளைகூட மதிப்பெண்ணை விடவில்லை. அடுத்த வருடம் பரீட்சைக்கு முன்னால் சுலோச்சனா டீச்சரே போன் பண்ணினார். "மேடம், அந்த மெஷினு ஒரு வாரத்துக்குக் கெடைக்குமா? அதே மாதிரி கெட்டுப்போனதாவே வேணும்."

இனி கேட் கதை.

புத்தகங்களுக்குள் சிப் வைத்த ஸ்டிக்கர் ஒட்டும் திட்டம் வந்தது. முதலில் எங்கள் நூலகம். இங்கே நன்றாக நடந்தால் பிறகு சுற்றுவட்டாரத்துப் பள்ளி நூலகங்களுக்கும் கொடுப்பார்கள். ஸ்டிக்கர் வெள்ளையாக, சதுரமாக, உள்ளங்கையில் பாதி இருக்கும். உள்ளே சுருள் சுருளாக மெல்லிய கம்பி. புத்தகம் ஒருவர் பெயரில் பதிவானால் ஸ்டிக்கர் சும்மா இருக்கும். பதியாமல் வெளியே போனால் வாசலில் நிற்கும் கேட் கத்தும்.

வேலை முறை இப்படி. நூல் சேர்க்கைப் பதிவேட்டில் உள்ள ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு ஸ்டிக்கர் அடித்து அனுப்பிவிட்டார்கள். எண்ணைப் பார்த்துப் புத்தகத்தை எடுக்க வேண்டும், பின் அட்டையின் உள்பக்கம் தூசி துடைக்க வேண்டும், ஓரத்தில் குமிழ் வராமல் ஒட்ட வேண்டும், மேலே கட்டை விரலால் பத்து எண்ணும்வரை அழுத்த வேண்டும். தேவகி பத்துக்குப் பதில் நூற்றெட்டு எண்ணினாள். ஏன் என்றால், "இருக்கட்டும் மேடம், நல்லதுதானே" என்றாள்.

கடைசியில் ஒரு கைப்பிடி ஸ்டிக்கர் மீந்தது. பதிவேட்டில் எண் இருக்கிறது, அலமாரியில் புத்தகம் இல்லை. பல வருடமாகக் காணாமல் போன புத்தகங்கள் அவை. ஸ்டிக்கரைத் தூக்கிப் போட்டால் எழுத்தில் விளக்கம் கொடுக்க வேண்டியிருக்கும். எனவே பத்திரமாக ஒரு பெட்டியில் போட்டு மூடினேன். எந்தப் பெட்டி என்பதை அடுத்த வாரமே மறந்துவிட்டேன். இந்த இடத்தை நான் அழுத்திச் சொல்கிறேன். போட்டது நான். மறந்ததும் நான்.

எங்கள் நூலகத்தில் முதலில் செய்தித்தாள் படிக்கும் கூடம், அதைத் தாண்டினால் புத்தக அறை. அந்த அறை வாசலில் கேட்டை நிறுத்தினார்கள். இடுப்புக்கு மேல் உயரமாக இரண்டு வெள்ளைத் தூண்கள், உச்சியில் பச்சை விளக்கு. நம் ஊரில் இரண்டு தூணும் மேலே விளக்கும் இருந்தால் என்ன நடக்கும்? பௌர்ணமி அன்று கிரிவலம் வந்தவர்கள் பாத்ரூம் கேட்டு உள்ளே வருவார்கள். கேட்டைப் பார்த்ததும் வெளியே போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். செங்கம் ரோடு பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெளிநாட்டு அம்மாள் கேட்டுக்கு நடுவில் கண்ணை மூடி நெடுநேரம் நின்றுவிட்டு, ரொம்ப அமைதியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அமைதி அந்த வாரம் வரைதான்.

கன்னியப்பன் எங்கள் நூலகத்தின் தினசரி வாசகர். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். காலையில் நான் பூட்டைத் திறக்கும்போது வாசலில் இருப்பார். கூடத்தில் நுழைந்ததும் பழக்கதோஷத்தில் தலைகளை எண்ணுவார். யாராவது வழியில் நின்று பேப்பர் பார்த்தால், "உள்ள போங்க, உள்ள போங்க, சீட்டு காலியா கீது" என்பார். எடுத்த புத்தகத்தைத் தவணைக்கு ஒரு நாள் முன்னாலேயே கொண்டுவந்து கொடுத்துவிடுவார். யாரோ மேசையில் விட்டுப்போன பேனாவை வைத்துக்கொண்டு உரியவரைத் தேடி ஒரு வாரம் அலைந்தவர்.

அந்த ஆள் புத்தக அறையிலிருந்து வெறுங்கையோடு வெளியே வந்தபோது கேட் கத்தியது.

சாதாரணக் கத்தல் இல்லை. ஆம்புலன்ஸுக்கும் மிக்சிக்கும் பிறந்த சத்தம். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் பேப்பரை இறக்கிவிட்டுப் பார்த்தார்கள். கன்னியப்பன் பின்னால் திரும்பிப் பார்த்தார், வேறு யாரையோ சொல்கிறது என்று. பின்னால் யாரும் இல்லை.

"புதுசு இல்லீங்களா, அப்டித்தான் இருக்கும்" என்றேன். மறுநாளும் கத்தியது. அதற்கு மறுநாளும். மற்ற யாரையும் ஒன்றும் சொல்லாத கேட் கன்னியப்பன் வந்தால் மட்டும் அலறியது. கேட்டுக்குக் கத்தத் தெரியுமே தவிர எந்தப் புத்தகத்துக்காகக் கத்துகிறோம் என்று சொல்லத் தெரியாது. அதைச் சொல்லும் கைக்கருவி சென்னையிலிருந்து இன்னும் வரவில்லை.

நான்காம் நாள் சந்தானம் சார் வந்தார்.

"கேட் கத்துது சார்" என்றேன்.

"கத்தறாங்க" என்றார்.

"கன்னியப்பன் ஐயாவைப் பாத்து மட்டும் கத்துது சார். அவர் அப்படிப்பட்ட ஆளில்லை."

"ஆள எனக்குத் தெரியாதும்மா. கேட் காரணமில்லாம கத்த மாட்டாங்க. முறையா சோதிச்சிடலாம்."

அவருடைய முறை இது. ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்துவிட்டு ஒவ்வொரு தடவையும் கேட்டுக்குள் நடக்க வேண்டும். கன்னியப்பன் முதலில் குடையை வைத்தார், நடந்தார். கத்தியது. கண்ணாடிக் கூடு. கத்தியது. வெற்றிலைப் பொட்டலம், சாவி, செல்போன், செருப்பு. ஒவ்வொன்றையும் நான் ஒரு தாளில் எழுதி, எதிரில் 'கத்தியது' என்று குறித்துக்கொண்டே வந்தேன். கூடத்தில் ஒரு பக்கம், சட்டைதான் காரணம் என்றார்கள். இன்னொரு பக்கம், இல்லை இல்லை அரைஞாண் கயிறு என்றார்கள். சட்டையையும் கழற்றினார். பனியன் வேட்டியோடு ஒரு மனிதர் நடந்து வருகிறார், கேட் கத்துகிறது.

அவர் அங்கேயே நின்றார். குரல் உயரவில்லை. "பனியனையும் அவுக்கட்டுங்களா சார்?"

எனக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. "வேணாங்க ஐயா, போட்டுக்குங்க, சட்டையைப் போட்டுக்குங்க" என்று நானே எடுத்துக் கொடுத்தேன். அன்று மட்டும் நான் வாயை மூடிக்கொண்டிருந்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். அது பிறகுதான் தெரிந்தது.

பொத்தானைப் போட்டுக்கொண்டே அவர் சொன்னார். "லைப்ரரிம்மா, இத்தினி வருஷம் வண்டியில போனேன். டிக்கெட் வாங்காதவனக் கூட நான் நாலு பேர் எதிர்ல திருடன்னு சொன்னதில்ல. உங்க மெஷினு என்னெ அப்டிச் சொல்லுது. இல்லன்னு எல்லார் எதிர்லயும் அது சொல்ற அன்னிக்கு வரேன்." குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலையில் பூட்டைத் திறக்கும்போது வாசலில் யாரும் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. பேப்பர் படிக்கிறவர்கள் வழியில் நின்றார்கள், உள்ளே போகச் சொல்ல ஆளில்லை. என் மனசு என்னை அரித்தது. கேட்டை எடுத்துவிடலாம் என்று சந்தானம் சாரிடம் கேட்டேன். "திட்டத்தப் பாக்க சென்னை ஆபீஸ் மேடம் அடுத்த வாரம் வராங்க. இப்பப் போயி கேட்டை எடுத்தா பள்ளிக்கூடங்களுக்கு ஒண்ணும் வராதும்மா" என்றார். அதுவும் உண்மை. சுலோச்சனா டீச்சர் வாரம் ஒரு முறை போன் பண்ணிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் பிள்ளைகள், ஒரு பக்கம் ஒரு பெரிய மனிதரின் மானம். நான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

சென்னை மேடம் வந்தார். கைக்கருவியையும் அவரே கொண்டுவந்தார். துணி தேய்க்கும் பெட்டி மாதிரி இருந்தது. புத்தகத்தின் எண்ணைக் கொடுத்துவிட்டுக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தால், அந்தப் புத்தகத்தை நெருங்க நெருங்க வேகமாக டிக் டிக் என்று அடிக்கும். திரையில் தலைப்பும் தெரியும். சந்தானம் சார் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார், கோயிலில் பரிவட்டம் வாங்குகிற மாதிரி.

அலமாரியில் இருக்கிற ஒரு நல்ல புத்தகத்தின் எண்ணை நான் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தேன். மேடம் அதைப் பார்க்கவே இல்லை. "இருக்கறத தேடறதுக்கு மெஷின் எதுக்குங்க? காணாமப் போனது எதாச்சும் இருந்தா குடுங்க" என்றார். பட்டியலைக் கொடுத்தேன். அவரே விரலை வைத்தார். 'வீட்டுக்கு வீடு வெண்டைக்காய்.' கிடைக்கப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். அந்த வெண்டைக்காயை நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து யாரும் பார்த்ததில்லை.

சந்தானம் சார் புத்தக அறை முழுக்க நடந்தார். கருவி மூச்சு விடவில்லை. கேட்டைத் தாண்டிக் கூடத்துக்கு வந்தார். டிக் என்றது.

எல்லோரும் நிமிர்ந்தோம். அவர் பெஞ்சுகளுக்கு நடுவே பூனை நடை நடந்தார். டிக் டிக். ஜன்னலோரம் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் பேப்பருக்குப் பின்னால் பாதித் தூக்கத்தில் இருந்தார். கருவி அவர் இடது தோளை நெருங்கியதும் டிக்டிக்டிக் என்று பொரிந்தது. திரையில் எழுத்து வந்தது: வீட்டுக்கு வீடு வெண்டைக்காய்.

"கெடச்சிட்டாங்க!" என்றார் சந்தானம் சார்.

தபால்காரர் விழித்துப் பார்த்தார். தோளுக்கு மேலே இஸ்திரிப் பெட்டி. "நான் ஒண்ணும் பண்ணலீங்க" என்றார்.

"சட்டைக்குள்ள என்னாங்க இருக்குது?"

"தோளுதான் இருக்குது."

சட்டையை விலக்கிக் காட்டினார். தோளில் வெள்ளையாக, சதுரமாக, குமிழ் இல்லாமல் நேர்த்தியாக ஒட்டிய ஒரு ஸ்டிக்கர்.

"இது வலிக்குப் போடற பிளாஸ்திரிங்க. தேவகிதான் குடுத்துச்சு. ரொம்ப நல்லா கேக்குது" என்றார்.

துடைப்பத்தோடு நின்ற தேவகியின் முகம் வெளுத்துப்போனது. "முதலுதவிப் பெட்டியில இருந்துச்சு மேடம். பிளாஸ்திரின்னு நெனச்சேன். வலி வலின்னாங்க, ஆளுக்கொண்ணு ஒட்டிவிட்டேன். பத்திரமா நூத்தெட்டு எண்ணித்தான் ஒட்டினேன்."

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது, நான் எந்தப் பெட்டியில் போட்டேன் என்று.

மேடம் பட்டியலில் இருந்த மற்ற எண்களையும் போடச் சொன்னார். 'மின்விசிறியும் அதன் மனமும்' ஒரு முன்னாள் கணக்கு வாத்தியாரின் முட்டியில் இருந்தது. 'தேனீயிடம் பேசுவது எப்படி' பூ கட்டுகிற ஒரு அம்மாவின் மணிக்கட்டில். அவர்கள் யாரும் புத்தக அறைக்குள் போவதில்லை, பேப்பரோடு சரி. அதனால் கேட் அவர்களைப் பார்த்ததே இல்லை. ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டவர்களில் உள்ளே போய் வந்த ஒரே ஆள் கன்னியப்பன். "கண்டக்டர் அண்ணனுக்கு முதுகுல ஒட்டினேன்" என்றாள் தேவகி, அழ ஆரம்பித்துவிட்டாள். பனியனுக்கு அடியில்.

மேடம் நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். முதலில் கோபம் என்று நினைத்தேன். தோள் குலுங்கியதைப் பார்த்துத்தான் சிரிக்கிறார் என்று தெரிந்தது.

நான் ஆட்டோ பிடித்துக் கன்னியப்பன் வீட்டுக்குப் போனேன். திண்டாட்டமாகத்தான் இருந்தது, எப்படி ஆரம்பிப்பது என்று. "ஐயா, தப்பு எம்மேல. உங்க முதுகுல இருக்கறது பிளாஸ்திரி இல்ல. புஸ்தகம்" என்றேன். அவர் மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மோர் கொண்டுவந்து கொடுத்தார். வெயில் தலைக்கேறிவிட்டது என்று நினைத்திருக்கலாம். முழுக்கதையையும் சொன்னேன். கன்னியப்பன் சிரிக்கவில்லை. "எல்லார் எதிர்லயும் சொல்லணும்னு சொன்னனே" என்றார். வாங்க என்றேன்.

கூடம் நிரம்பியிருந்தது. விஷயம் அதற்குள் டீக்கடை வரை போய்விட்டது. சந்தானம் சார் ஒரு தாளோடு நின்றுகொண்டிருந்தார். பார்த்தால், எழுத்தில் ஒரு விளக்கம். அவரே எழுதியது. மற்றவர்களிடம் வாங்கியே பழக்கப்பட்டவர், எழுதுவது இவ்வளவு சிரமம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டிருப்பார், நிறைய அடித்தல் திருத்தல். உரக்கப் படித்தார். வாசகர் கன்னியப்பன் எந்தப் புத்தகத்தையும் எடுக்கவில்லை என்றும், அவர் முதுகில் ஸ்டிக்கர் ஒட்டியது நூலகமே என்றும், அவரைச் சோதித்த முறைக்கு அலுவலகம் வருந்துகிறது என்றும் படித்துவிட்டு, தாளை மடித்து அவர் கையில் கொடுத்தார். பிறகு தாளில் இல்லாத ஒன்றையும் சொன்னார். "கேட் சொன்னது சரிதாங்க. நாங்கதான் தப்பாப் புரிஞ்சிக்கினோம். மன்னிச்சிடுங்க."

கன்னியப்பன் தாளைச் சட்டைப் பையில் வைத்தார். கூடத்தை ஒரு தடவை எண்ணினார். "நின்னுனு இருக்காதீங்க, உள்ள போங்க" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஸ்டிக்கர்களைக் கழற்ற வேண்டுமே. மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே கழற்றத் தயாரானார்கள். கன்னியப்பன் மாட்டேன் என்றுவிட்டார்.

"இத ஒட்டினதுலேர்ந்து முதுகுவலி சுத்தமா இல்லீங்க. எத்தினியோ தைலம் போட்டுப் பாத்தேன். இது ஒண்ணுதான் கேட்டுச்சு."

"அதுல மருந்தே இல்லீங்க ஐயா. வெறும் கம்பி."

"மருந்து இல்லாமயே இவ்ளோ கேக்குதுன்னா பாத்துக்குங்களேன்."

தபால்காரரும், அப்படியானால் எனக்கும் இருக்கட்டும் என்றார். சந்தானம் சார் கண்ணாடியைத் துடைத்தார், ரொம்ப நேரம் துடைத்தார். பிறகு, "பதிவு பண்ணிக் குடுத்துட்டா கேட் கத்த மாட்டாங்க இல்லம்மா?" என்றார். சென்னை மேடம், "குடுங்க" என்றார்.

அப்படியே செய்தேன். இருப்புச் சரிபார்ப்பு அறிக்கையில் உள்ளதை உள்ளபடி எழுதினேன். புத்தகம்: இல்லை. ஸ்டிக்கர்: வாசகரின் முதுகில். கன்னியப்பன் உறுப்பினர் அட்டையில், அவர் முதுகு ஸ்டிக்கருக்கு உரிய 'கறவை மாடு: கேள்வியும் பதிலும்' என்ற தலைப்பு ஏறியது. இரண்டு வாரத் தவணை. தவணை முடிய ஒரு நாள் இருக்கும்போதே வந்து, மேசைக்கு முதுகைக் காட்டி நிற்பார். நான் சட்டைமேல் கருவியை வைத்துப் புதுப்பிப்பேன். புதிதாக வருகிறவர்கள் திகைத்துப் பார்ப்பார்கள். "கரண்ட் வைக்கறாங்க" என்று ஒருவர் இன்னொருவருக்கு விளக்கம் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். பழைய ஸ்டிக்கரின் ஒட்டு போனபோது தேவகியே மேலே ஒரு துணிப் பிளாஸ்திரி போட்டுக் காப்பாற்றினாள். பள்ளிகளுக்கும் சாமான் வந்து சேர்ந்தது. சுலோச்சனா டீச்சரிடம் முதல் வேலையாக, முதலுதவிப் பெட்டி எங்கே இருக்கிறது என்று கேட்டு, அதை வேறு அறைக்கு மாற்றச் சொன்னேன்.

நான் ஓய்வுபெற்ற நாளன்று மாலை போட்டார்கள், பேசினார்கள், மிக்சர் கொடுத்தார்கள். கூட்டம் கலைந்த பிறகு கன்னியப்பன் மேசைக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே ஸ்டிக்கர், ஓரம் சுருண்டு, கசங்கிப் போய்.

"இந்தாங்க லைப்ரரிம்மா. படிச்சி முடிச்சிட்டேன்."

"முதுகு சரியாயிடுச்சுங்களா?"

"சுத்தமா சரியாப் போச்சு. இப்ப முட்டிதான் ஜாஸ்தியா வலிக்குது." அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "முட்டிக்கு எதனா புக்கு இருக்குதா?"

பட்டியலைப் பார்த்தேன். தபால்காரர் தோளிலிருந்து 'வீட்டுக்கு வீடு வெண்டைக்காய்' அந்த வாரம்தான் திரும்ப வந்திருந்தது. கன்னியப்பன் பெயரில் பதிந்து கொடுத்தேன். நான் பணியில் இருந்து வழங்கிய கடைசிப் புத்தகம் அதுதான்.